மியூட்டில் இருந்த பதினான்கு மாதங்கள்

மின்விசிறி நின்றது. மணி ஒன்று நாற்பது. மூன்று மணிக்கு முத்துச்செல்வி வாய் திறந்து பதினைந்து நிமிடம் பேசியாக வேண்டும். தவறினால் மாதக் கடைசியோடு அவளுடைய வேலைக்கு முற்றுப்புள்ளி.

அவளுடைய அணியில் ஒன்பது பேர். நெதர்லாந்தில் மூவர், போலந்தில் இருவர், புனேயில் மூவர், புதூருக்குத் தெற்கே இந்தக் கரிசல் கிராமத்தில் இவள் ஒருத்தி. எந்த நோயாளிக்கு எந்த நேரத்தில் மருந்து என்று செவிலியருக்கு மணியடித்துச் சொல்லும் செயலியை உருவாக்குவது அவர்கள் தொழில். ஐரோப்பாவில் ஆண்டுக்கு ஒருமுறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அன்று அதிகாலை இரண்டு மணி இருமுறை வரும். செயலியும் இருமுறை மணியடிக்கும். ஒரே நோயாளிக்கு ஒரே மருந்தை இரண்டு தடவை கொடுத்தால் என்ன ஆகும்? கடிகாரத்தைத் தொடாத நாட்டில் உட்கார்ந்திருந்த முத்துச்செல்விதான் அந்தப் பிழையைக் கண்டுபிடித்தாள். திருத்தியவளும் அவளே.

ஆனால் கூட்டங்களில் அதை எடுத்துரைத்தவன் புனேயிலிருந்த நிகில். அணியில் ஒரு விதி உண்டு: யார் பக்கம் இரைச்சலோ, அவர் மியூட்டில் போய்விட வேண்டும். நாகரிகமான விதிதான். ஆனால் இரைச்சல் எல்லோருக்கும் சமமாகவா பங்கிடப்பட்டிருக்கிறது? கண்ணாடிக் கதவு போட்ட அறையில் இருப்பவனுக்கு அந்த விதி ஒருநாளும் குறுக்கே வராது. ஆட்டுக் கொட்டிலுக்கும் மாவு மில்லுக்கும் நடுவே ஓட்டு வீட்டில் இருப்பவள் பதினான்கு மாதம் வாய் திறக்கவில்லை. அவள் தட்டச்சிட்டதை நிகில் வாசித்தான். வாசிக்க வாசிக்க, "முத்து திருத்தினாள்" என்பது "நாங்கள் திருத்தினோம்" ஆகி, கடைசியில் "நான் திருத்தினேன்" ஆனது.

சென்ற வாரம் அணித் தலைவி அன்னெகே இருவருக்கும் எழுதியிருந்தாள்: "உங்கள் இருவரில் ஒருவரைத்தான் அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ள முடியும். செய்தவர் வாயாலேயே கேட்க விரும்புகிறேன். வியாழன், உங்கள் நேரம் பிற்பகல் மூன்று."

வியாழன் ஊர்க் கோயிலில் கொடைத் திருவிழா. கொடை நாளில் கரண்டு எடுக்க மாட்டார்கள் என்று முத்துச்செல்வி நம்பியிருந்தாள். ஆண்டுதோறும் கோயில் கமிட்டியார் மின்வாரியத்துக்கு மனுக் கொடுப்பார்கள். பராமரிப்பு மின்தடை வேறு நாளுக்குத் தள்ளிப்போகும். இந்த ஆண்டு மைக்செட்டோடு ஜெனரேட்டரும் பிடித்துவிட்டதால் மனுக் கொடுக்கவில்லை. அதை ஆண்கள் கூடிப் பேசி முடித்தார்கள். ஆண் இல்லாத வீட்டுக்கு யார் வந்து சொல்வார்?

கரண்டு போனால் செல்போன் கோபுரமும் சேர்ந்து படுத்துவிடும். வீட்டுக்கு வரும் கேபிள் இணையம் மட்டும், மோடத்துக்குக் கரண்டு கிடைத்தால் ஓடும். கோவில்பட்டிப் பேருந்து இரண்டரைக்கு. போய்ச் சேர்வதற்குள் கூட்டம் முடிந்திருக்கும். மடிக்கணினியில் மின்கலம் நாற்பது சதவீதம். அவள் கோயில் பந்தலுக்கு ஓடினாள்.

மைக்செட்காரர் ஹாரூன் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு மோடம், ஒரு லேப்டாப். ஒரு பிளக் போதும்."

"பிளக்குக்கு என்னம்மா பஞ்சம்? தலைவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ. அவிய கோவிச்சாவன்னா நான் குழாய் ஸ்பீக்கரைக் கழட்டிக்கிட்டுப் போவ வேண்டியதுதான்."

கமிட்டித் தலைவர் திருப்பதி பந்தல் நிழலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார்.

"வீட்ல உக்காந்து பொட்டி தட்டுததுக்கு ஜெனரேட்டரா?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "சரி, எடுத்துக்கோ. சாமி கரண்டுதான."

"இன்னொண்ணு மாமா. மூணு மணிக்கு ஒரு பதினஞ்சு நிமிசம் பாட்டை நிறுத்தணும். எங்க ஜன்னலுக்கு எதிர்க்கயே குழாய் கட்டியிருக்கு."

சிரிப்பு நின்றது.

"ஏட்டி, கொடை அன்னைக்குப் பாட்டு நின்னா பக்கத்து ஊர்க்காரன் என்ன நினைப்பான்? கொடையில வெட்டுக்குத்துன்னு நினைப்பான். எந்த வருசமாவது நின்னுருக்கா?"

"எளவு விழுந்தா நிறுத்துவீங்கள்லா?"

"அப்ப விழட்டும், நிறுத்துதேன்."

"என் வேலைக்கு எளவு விழப்போவுது மாமா. அதுக்குத்தான் கேக்கேன்."

"வேலை போனா கல்யாணத்தப் பண்ணிக்கோ. அதுக்கும் நம்ம ஹாரூன்தான் மைக்செட்!"

மறுபடியும் சிரிப்பு.

ஹாரூன் சிரிக்கவில்லை. வயரைச் சுவரோரமாக இழுத்து வீடு வரை கொண்டுவந்து கொடுத்தார். அம்மா வெயிலம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

"பொம்பளைப் பிள்ளை பந்தல்ல போய் மல்லுக்கட்டிட்டு வருதியே, ஊரு என்ன பேசும்? அந்தப் பையனையே பேசச் சொல்லிரேன்ட்டி."

"அவன் பேசுனா அவனுக்குத்தான்ம்மா வேலை."

மணி இரண்டு ஐம்பத்தேழு. மோடத்தில் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. பச்சை வந்தபோது மணி மூன்று ஒன்று. திரையில் எட்டு முகங்கள் காத்திருந்தன. எதிர்க் கம்பத்துக் குழாய் ஜன்னல் கம்பியை அதிரவைத்தது. இரைச்சலை வடிகட்டும் மென்பொருள் ஆட்டுக்குட்டியின் குரலை வடிகட்டும். அந்தக் குழாயை வடிகட்ட அதனால் ஆகவில்லை.

"முத்து, உன் பக்கம் பயங்கரச் சத்தம்," என்றான் நிகில் ஆங்கிலத்தில். குரலில் அன்பு ஒழுகியது. "மியூட்டில் போட்டுக்கொள். நானே விளக்கிவிடுகிறேன்."

அவள் விரல் பழக்க தோஷத்தில் பொத்தானை அழுத்திவிட்டது. சிவப்புக் கோடு விழுந்தது. நிகில் தொண்டையைச் செருமினான்.

யார் இட்ட விதி இது? சத்தமுள்ள மண்ணில் பிறந்தவர்கள் வாயைப் பூட்டிக்கொள்ள வேண்டும், சாவி மற்றவன் கையில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? அவள் மறுபடி அழுத்தினாள். கோடு மறைந்தது.

"இங்கே இன்று திருவிழா," என்றாள். "இந்தச் சத்தம் நிற்காது. நாளை மாவு மில் ஓடும், அதுவும் நிற்காது. நான் உரக்கப் பேசுகிறேன். நீங்கள் தயவுசெய்து கவனித்துக் கேளுங்கள்."

பிறகு அவள் கத்தினாள். தீப்பெட்டி ஆலை இயந்திரத்தின் அருகில் நின்று அம்மா பேசுவதைப் போல, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எறிந்தாள். ஆங்கிலம் இடறிய இடங்களில் தாளில் கடிகாரம் வரைந்து கேமராவுக்கு முன் பிடித்தாள். முள்ளைப் பார்க்காமல், கடைசி மருந்திலிருந்து கழிந்த நேரத்தை எண்ணும்படி செயலியை மாற்றிய விதத்தைச் சொன்னாள்.

அன்னெகே குறுக்கிட்டாள். "முதல் தடவை இரண்டு மணி வரும்போதே செவிலியர் மருந்தைக் கொடுத்துவிட்டு, பதிய மறந்திருந்தால்?"

நிகிலின் கண்கள் திரையின் ஓரத்தில் எதையோ தேடின. இதற்கான பதிலை யாரும் அவனுக்குத் தட்டச்சிட்டுக் கொடுத்திருக்கவில்லை.

"செயலி மறுபடி மணியடிக்காது!" என்று முத்துச்செல்வி கூவினாள். "கொடுத்தாயா என்று கேட்கும்! பதில் வராவிட்டால் மருத்துவரை அழைக்கும்!"

ஜன்னலில் நிழல் விழுந்தது. திருப்பதி, அவருக்குப் பின்னால் நாலைந்து தலைகள்.

"ஏட்டி, யாரு கூட சண்டை? ஆளு வரணுமா?"

"யார் அவர்?" என்றாள் அன்னெகே.

"ஊர்த் தலைவர். யாருடன் சண்டை என்று கேட்கிறார்."

போலந்துக்காரன் ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான். அன்னெகே சிரிக்கவில்லை, குனிந்து ஏதோ எழுதினாள்.

"திங்கட்கிழமை மருத்துவமனை நிர்வாகத்திடமும் நீங்களே விளக்குங்கள், முத்துச்செல்வி. ஒரு மணி நேரம். ஆண்டு ஒப்பந்தத்தை நாளை அனுப்புகிறேன். நிகில், நீங்கள் மட்டும் இணைப்பில் இருங்கள்."

நிகிலின் முகம் வெளுத்ததைக் கடைசியாகப் பார்த்தாள். அதில் மகிழ அவளால் முடியவில்லை. திரை இருண்டது. ஒரு மணி நேரம்! அதுவும் முன்பின் தெரியாதவர்கள் முன்னால்!

அம்மா கதவைப் பிடித்தபடி நின்றாள். "என்னட்டி சொன்னாவ?"

"திங்கக்கிழமையும் கத்தணுமாம், அம்மா."