தாங்கிப் பிடித்த கை

அன்று காலை அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கட்டிலில் மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்த அப்பா. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போனவர். அன்றிலிருந்து வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொள்ளும் மகள். அவரை ஒரு காப்பகத்தில் சேர்த்தே தீருவது என்று வந்திருந்த அவளுடைய அண்ணன். உட்காரச் சொல்லியும் உட்காராமல் கைப்பையோடு சுவரோரம் நின்ற அண்ணி. ஐந்தாவது, பெரியவர் சம்மதிக்கிறாரா என்று கேட்டுப் பதிய காப்பகம் அனுப்பியிருந்த பேச்சுப் பயிற்சியாளர்.

அவருடைய சம்மதம் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். அவரோ தினமும் மறுத்துக்கொண்டிருந்தார், அட்டையில்.

அட்டை மகள் செய்தது. ஃபிரிட்ஜ் வந்த பெட்டியை வெட்டி, உயிரெழுத்து பன்னிரண்டும் மெய்யெழுத்து பதினெட்டும் கறுப்பு மையில் கட்டம் கட்டி எழுதியிருந்தாள். அப்பாவின் இடது மணிக்கட்டை அவள் தாங்கிப் பிடிப்பாள். அவர் விரல் எழுத்தெழுத்தாகத் தொடும். அவள் கூட்டிப் படிப்பாள். இப்படித்தான் அவர் தண்ணீர் கேட்டார், ஜன்னலைத் திறக்கச் சொன்னார். மூன்றாம் மாதம் ஒரு நாள், 'நீ இல்லேன்னா நான் இல்ல கண்ணு' என்றும் எழுதினார். அதைப் படித்துவிட்டு அவள் சமையலறைக்குப் போய், அடுப்பைப் பற்றவைக்க மறந்து வெகுநேரம் நின்றாள்.

"மேடம், நான் ஒண்ணு சொல்லிடறேன்," என்றான் அண்ணன். "முப்பது வருஷத்துல எங்களை ஒரு வார்த்தை சாப்பிட்டியான்னு கேட்டதில்ல இந்த மனுஷன். இப்ப கண்ணுங்கிறாரு, செல்லங்கிறாரு. ரத்தக்குழாய் அடைச்சா பாசம் பொத்துக்கிட்டு வருமா?"

"உனக்கு ஏன் எரியுது? உன்னைச் சொல்லலேன்னா?" என்றாள் மகள்.

"எனக்கு எதுக்கும்மா எரியணும்? வக்கீலம்மா நீதான் இருக்கியே அவருக்கு. கட்சிக்காரர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே வாதாடிடற."

"ஏங்க, கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் அண்ணி.

மகள் பயிற்சியாளரிடம் திரும்பினாள். "நீங்க சோதிச்சுப் பாருங்க மேடம். இவன் கண்ணு முன்னாடியே. என்ன வேணும்னாலும் கேளுங்க."

பயிற்சியாளர் இரண்டு விநாடி யோசித்தார். "நிச்சயமாவா?"

"நிச்சயமா."

அவர் ஒரு தடித்த கோப்பை விரித்து அப்பாவின் மடியில் கூடாரம் போல நிறுத்தினார். ஒரு பக்கத்துப் படம் அப்பாவுக்குத் தெரியும், மறுபக்கத்துப் படம் மகளுக்கு. அண்ணன் அப்பாவின் தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். படத்தைப் பார்த்து அதன் பெயரை எழுத வேண்டும், அவ்வளவுதான்.

முதல் படம். அவள் மணிக்கட்டைத் தூக்கினாள். விரல் ம-வுக்குப் போனது, ர-வுக்கு வந்தது, மறுபடி ம. மரம். அண்ணன் முகம் சுருங்கியது. அவள் அவனைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள்.

இரண்டாவது படம். விரல் க-வில் நின்றது. உ.  கீழே தெருவில் ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகாமல் இருமிக்கொண்டிருந்தது. ட. பிறகு ஒரே தாவலில் ஐ.

"குடை," என்றாள்.

அண்ணன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. அவன் பார்வை கோப்புக்குள்ளேயே இருந்தது.

"என்னடா? குடைதானே?"

பயிற்சியாளர் கோப்பை அவள் பக்கம் திருப்பினார். முதல் தடவை இரண்டு பக்கமும் மரம்; இந்தத் தடவை அப்பா பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தில் ஒரு மீன் இருந்தது.

"குடை என் பக்கம்தானே இருந்துச்சு," என்றாள். "அப்பாவுக்கு எப்படி..."

கோப்பைத் தன் பக்கம் இழுத்து, மீனையும் குடையையும் மாறி மாறிப் பார்த்தாள். 

"இன்னொண்ணு வைங்க."

"வேணாம்மா."

"வைங்க மேடம். நான் பாக்கல." கண்ணை இறுக மூடிக்கொண்டு மணிக்கட்டைப் பிடித்தாள். காத்திருந்தாள். அந்தக் கை அவள் கையில் கனத்தது, ஈரத் துணி மாதிரி. எங்கும் போகவில்லை. எட்டு மாதத்தில் அதன் எடையை அவள் உணர்ந்தது அப்போதுதான். ஒரு நிமிடம் போயிருக்கும். கண்ணைத் திறக்காமலே கையை இறக்கி வைத்தாள்.

"நீங்க ஏமாத்தல," என்றார் பயிற்சியாளர். "பிடிக்கிறவங்களுக்கே தெரியாது. மனசுல வார்த்தை வந்ததும் கை லேசா நகர்ந்துடும். அவருக்கு எதுவும் புரியலேன்னு நான் சொல்லல. எழுதினது அவர் இல்லேன்னு மட்டும்தான் சொல்றேன்."

"அப்ப, 'நீ இல்லேன்னா நான் இல்ல கண்ணு'ன்னது...?"

பயிற்சியாளர் குனிந்து படங்களை அடுக்கினார். பெரியவரின் விருப்பம் இன்னது என்று பதிய வழியில்லை, இனிப் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் சேர்க்கலாம் என்று ஒரு படிவத்தை எடுத்து வைத்தார்.

அண்ணன் போட்டான். படிவத்தை அவள் பக்கம் தள்ளினான். முதல்முறையாக அவன் குரல் இறங்கியிருந்தது. "போடும்மா. உனக்கும் ஒரு வாழ்க்கை வேணும்ல? அவர் இங்கதான் இருப்பேன்னு சொன்னாருன்னுதானே பிடிவாதமா இருந்த. அவர் சொல்லலேன்னு ஆயிடுச்சே."

அவள் பேனாவை எடுத்தாள். அப்போது அப்பாவின் இடதுகை விரல் ஒன்று போர்வையிலிருந்து எழும்பியது. வேண்டாம் என்கிறார். அவளுக்குள் வார்த்தை தானாகவே வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். விரல். வெறும் விரல். எழும்பியது, விழுந்தது.

"சரி, அவர் சொல்லல," என்றாள். "போக மாட்டேன் போக மாட்டேன்னு தினம் சொன்னது நான்தான். இப்பவும் நான்தான் சொல்றேன். அவர் போகல."

"யாருக்காகடி? அவருக்கு நீ யாருன்னாவது தெரியுமா?"

"தெரியாம இருக்கலாம். எனக்காகத்தான்னு வெச்சுக்க." பேனாவை மூடி அவன் சட்டைப் பையில் செருகினாள்.

"பைத்தியம் பிடிச்சிருக்கு இவளுக்கு. வா," என்று மனைவியைக் கூப்பிட்டான். பயிற்சியாளர் கோப்பை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினார். பின்னால் அண்ணி. அண்ணன் நிலைப்படியில் நின்று திரும்பி, "அப்பா, போயிட்டு வரேன்," என்றான். பதிலுக்காகப் பழக்கதோஷத்தில் தங்கை முகத்தைப் பார்த்தான்.

அவள் எதுவும் சொல்லவில்லை. அவன் படியில் கால் வைத்ததும் கதவைச் சாத்திப் பூட்டினாள்.