அறுபத்தெட்டாவது பெயர்

தொண்ணூற்றேழாம் ஆண்டு அக்டோபரில் ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், பிரச்சாரப் பிரிவுத் தலைவர் தெங் இரண்டு தாள்களை என் மேஜையில் வைத்தார்.

"மெதுவா, தெளிவா வாசிம்மா. பேரு ஏதாவது தப்பா வந்துச்சுன்னா அதுக்கு வேற சண்டைக்கு வருவாங்க."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஷென்யாங்கில் எங்கள் பம்ப் ஆலையின் ஒலிபெருக்கிகளில் பதினேழு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தவள் நான். உற்பத்திக் கணக்கு, பொதுக் குளியலறைச் சீட்டு, முட்டைக்கோஸ் வண்டி வந்த சேதி, யார் வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது, எல்லாம் என் வாய்வழிதான் போகும். வழக்கம்போல முதல் தாளில் கடினமான பெயர்கள் இருக்கின்றனவா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு ஒலிவாங்கியைப் போட்டேன்.

பணியிலிருந்து இறக்கப்படுகிறவர்களின், அதாவது வேலை போகிறவர்களின் பட்டியல். எழுபத்து மூன்று பேர்.

நான்காவது பெயர், மேல்வீட்டுக் குய்ஷியா. வர்ணப் பட்டறையில் இருந்தாள். என் மகள் பிறந்தபோது நாற்பது நாள் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவள். இருபத்தோராவது, லாரி ஓட்டுநர் பாங் தேஹாய். இரண்டாவது தாளைத் திருப்பினேன். அறுபத்தேழு முடிந்தது. அடுத்த வரியை என் வாய் வாசித்த பிறகுதான் என் மூளைக்கு எட்டியது.

"பிரச்சாரப் பிரிவு, அறிவிப்பாளர், பியன் யாஜுவன்."

அது நான்தான். மிச்சம் ஐந்து பெயர் இருந்தன. அவற்றையும் வாசித்தேன். ஒலிவாங்கியை அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"தலைவரே, தெரிஞ்சேதானே என் கையில குடுத்தீங்க?"

"வேற யாரு வாசிப்பா, சொல்லு? எனக்கு வாய் வரலம்மா." அவர் அப்போதும் திரும்பவில்லை.

நான் பிறந்தது ஆலை மருத்துவமனையில். படித்தது ஆலைப் பள்ளியில். அப்பா வார்ப்புப் பட்டறையில் ஓய்வு பெற்ற அன்று அவருடைய இடம் எனக்கு வந்தது. அப்போது எனக்குப் பதினெட்டு. கல்யாணம் ஆலை மண்டபத்தில். கட்டிக்கொண்டதும் இதே ஆலையின் வெல்டர் லிகுவோவை. சாகும்போது தூக்கிப்போக ஆலை வண்டி வரும் என்பதுவரை எழுதிவைத்த மாதிரி இருந்தது வாழ்க்கை. அப்படிப்பட்ட நிரந்தர வேலையை இரும்புச் சோற்றுக் கிண்ணம் என்போம்; கீழே போட்டாலும் உடையாது. அது உடையுமா என்று எங்களில் யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. இப்போது ஆலை நஷ்டத்தில் ஓடுகிறது, கணவன் மனைவி இருவரும் இருந்தால் ஒருவர் இறங்க வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் இறங்கியது நான்.

வேலை போனதைவிட ஊர் முகம் திருப்பியதுதான் வலித்தது. பட்டியலைப் போட்டவர்களை யாரும் பார்க்கவில்லை. குரலை எல்லாரும் கேட்டிருந்தார்கள். படிக்கட்டில் குய்ஷியாவிடம் பேசப் போனேன்.

"ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"எனக்கே தெரியாதுடி. என் பேரும்தானே இருந்துச்சு!"

"அது உன் பாடு. நான் பெயின்ட் டப்பாவோட நின்னுட்டிருந்தேன், சுத்தி முப்பது பேரு. எல்லாரும் என்னையே பாத்தாங்க. இப்ப நீ வாயத் திறந்தாலே எனக்கு அந்தப் பட்டியல்தான் கேக்குது."

அதன் பிறகு பேச்சு நின்றது. ஆலையின் பொதுக் குளியலறையில் நான் ஒரு மூலைக்குப் போனால் அவள் எதிர் மூலைக்குப் போவாள்.

வேலை போனவர்களுக்கான மறுவேலை மையத்தில் ஒரு பெண் படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"என்ன கைத்தொழில் தெரியும்?"

"வாசிக்கத் தெரியும்."

"வாசிக்க எல்லாருக்கும்தான் தெரியும், அக்கா."

தையல் வகுப்பில் சேர்த்துவிட்டாள். ஊசி என் விரலைத்தான் தைத்தது. பிறகு ஆலைச் சுவரோரச் சந்தையில் சாக்ஸ் விற்க உட்கார்ந்தேன். எட்டாயிரம் பேர் கேட்கப் பேசியவளுக்கு "சாக்ஸ், சாக்ஸ்" என்று கூவ நா எழவில்லை. பக்கத்தில் உறைந்த பேரிக்காய் விற்றவன் மூன்று நாள் பொறுத்துப் பார்த்தான்.

"அக்கா, சாக்ஸ் தானா கத்தாது. நீங்கதான் கத்தணும்."

பத்து நாளில் மூட்டை கட்டினேன். லிகுவோ மிச்சத்தில் ஒரு ஜோடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

டிசம்பரில் பாங் தேஹாய் வந்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். மைத்துனனோடு சேர்ந்து பழைய மினி பஸ் ஒன்றை வாங்கியிருந்தார். ஆலை வாசலிலிருந்து தெற்கு ரயில் நிலையம்வரை ஓட்டம். சீட்டுக் கிழித்த அவர் மனைவிக்குத் தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை.

"யாஜுவன், எங்கப்பா வச்ச பேரு இவ்வளவு அழகுன்னு நீ வாசிச்சப்பதான் எனக்கே தெரிஞ்சுது. வேலை போனதுதான் கொஞ்சம் இடிச்சுது. நம்ம வண்டிக்கு வர்றியா?"

இரண்டு மாதத்தில் என்னைப் பார்த்துச் சிரித்த முதல் ஆள். சரி என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

முதல் நாள் கதவில் தொங்கிக்கொண்டு, "மதிப்பிற்குரிய பயணிகளே, இவ்வண்டி தெற்கு ரயில் நிலையம் நோக்கிப் புறப்படவிருக்கிறது" என்றேன். உள்ளே இருந்த நான்கு பேரும் வெடித்துச் சிரித்தார்கள்.

"இது மாநாடு இல்லம்மா, பஸ்ஸு!" என்று பாங் தலையில் அடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள், என் வண்டிப் படியில் கால் வைத்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணைப் பின்னால் வந்த வண்டிக்காரன் தன் வண்டியில் ஏற்றக் கையைப் பிடித்து இழுத்தான். எங்கிருந்து வந்ததோ தெரியாது, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"கைய எடுடா! மனுஷங்களா, மூட்டைங்களா இவங்க? தெற்கு ஸ்டேஷன், தெற்கு ஸ்டேஷன்! உக்காந்து போகலாம், ஹீட்டர் இருக்கு!"

தெருவே திரும்பிப் பார்த்தது. சைக்கிளில் போன ஒரு முதியவர் இறங்கி நின்றார். "அட, நம்ம ஸ்பீக்கருடா!" என்று கூவினார். வண்டி நிரம்பியது. ஹீட்டர் உண்மையில் முன் இருக்கைக்கு மட்டும்தான் வேலை செய்தது. யாரும் கோபிக்கவில்லை.

ஜனவரியில் பனி கொட்டிய ஒரு காலை. தபால் நிலைய நிறுத்தத்தில் இரண்டு பெரிய வாளிகளோடு குய்ஷியா நின்றாள். புளிக்கவைத்த முட்டைக்கோஸ், ரயில் நிலையச் சந்தையில் விற்கக் கொண்டுபோகிறாள். வாசனைக்குப் பயந்து இரண்டு வண்டிகள் ஏற்றாமல் போனதை நாங்கள் வரும்போதே பார்த்தேன். கதவில் என்னைக் கண்டதும் ஓரடி பின்னால் போனாள். நான் இறங்கி ஒரு வாளியைத் தூக்கி உள்ளே வைத்தேன்.

"ஏறு. அப்புறம் திட்டு."

ஏறினாள். நான்கு நிறுத்தம்வரை வாளிகளைக் கால்களுக்கு இடையில் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்:

"என் பேரு வந்தப்ப உன் குரல் ஒரு நொடி நின்னுச்சுன்னு நான் சொல்றேன். நிக்கலன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு. நின்னுச்சா, இல்லியா?"

அவளுக்கு என்ன பதில் வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது.

"நிக்கல. நின்னிருந்தா மிச்சத்த என்னால வாசிச்சிருக்க முடியாது."

"பொய் சொல்லியிருக்கலாம்ல, பாவி."

"பதினேழு வருஷம் எழுதிக் குடுத்தத அப்படியே வாசிச்சாச்சு. இனிமே வேணாம்."

அவள் முகம் கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன், சிரித்தாள். பிறகு இரண்டும் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உன் மக எப்படி இருக்கா?" என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "சந்தையில எனக்குக் கூவவே வரல," என்றாள். எனக்குப் புரிந்தது. வண்டிக்குள் திரும்பி, "வீட்டுல போட்ட முட்டைக்கோஸ், ஒரு மாசம் ஊறினது, பன்றிக்கறியோட கொதிச்சா தெருவே வந்து கதவத் தட்டும்!" என்றேன். ஸ்டேஷன் வருவதற்குள் அரை வாளி காலி. மூடியைப் பாதி திறந்தபடி வைத்து வண்டியை நாறடித்ததற்குப் பாங் எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டினார்.

எல்லாருக்கும் இப்படி அமையவில்லை. வார்ப்புப் பட்டறை ஆட்கள் பலர் பாலத்தடியில் "குழாய் வேலை" என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குளிரில் நின்றதை தினமும் இரண்டு தடவை கடந்துபோனேன். அவர்களை வண்டியில் ஏற்றினால் பாங் சீட்டுக் கேட்க மாட்டார்; நானும் மறந்துவிடுவேன். அடுத்த வருஷம் ஆலை மொத்தமாக மூடியபோது லிகுவோவும் வெளியே வந்தார். வந்த வாரத்திலேயே இதே தடத்தில் ஓடும் வண்டிகளின் உடைந்த இருக்கைகளைப் பற்றவைக்கத் தொடங்கினார். கர்ப்பிணியின் கையை இழுத்த அந்த ஆளின் வண்டிக்கும் அவர்தான் படி போட்டுக் கொடுத்தார். குய்ஷியா சந்தைக் கூரைக்குள் ஒரு மேடை பிடித்தாள்.

பாங்கின் மைத்துனன் இரண்டாவது வண்டி வாங்கியபோது ஓட்டுநர் கிடைக்கவில்லை. "நான் ஓட்டறேன்," என்றேன். ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அடுத்து வந்த வசந்தத்தில் ஓட்டுநர் தேர்வு எழுதினேன். முதல் தடவை தோற்றேன், இரண்டாவது தடவை தேறினேன். மே மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, தெருவோர வில்லோ மரங்களின் பஞ்சு பறந்துகொண்டிருந்தபோது, பதினாறு பேரோடு வண்டியைக் கிளப்பினேன். மூன்று தடவை அணைந்தது.

"அக்கா, இன்னிக்குள்ள போயிடுவோமா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"போயிடுவோம். கெட்டியா பிடிச்சுக்கோ," என்றேன்.

நான்காவது தடவை வண்டி நகர்ந்தது.