ஆறு மணிக்கு வருகிறவர்

கொட்டாவிக் காய்ச்சல் வந்த பிறகு, வேலை போன வீடுகளுக்கு அரசாங்கம் வீட்டுக்கு ஒரு சம்பாத்தியக்காரரை அனுப்பி வைத்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் களைத்துப்போய் வருவார். கையில் சாப்பாட்டுத் தூக்கு இருக்கும், சட்டைப் பையில் அன்றைய கூலி இருக்கும். கூலியை வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கை கால் கழுவி, டீ குடித்து, பிள்ளைகளிடம் படிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்டு, சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். மறுநாள் திரும்ப வருவார்.

இந்தத் திட்டம் முன்பே இருந்ததுதான். ஆனால் மில்லில் வேலை போனவர்களுக்கு மட்டும்தான் ஆள் வரும். மற்றவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல் வந்து ஊரே படுத்துவிட்டபோது, பாவம் என்று பார்த்து, தற்காலிகமாகத் திட்டத்தை விரித்தார்கள். தவில்காரர் சேர்ந்தார், பந்தல் போடுகிறவர் சேர்ந்தார், பியூட்டி பார்லர் பெண்கள் சேர்ந்தார்கள், சினிமா தியேட்டரில் முறுக்கு விற்றவர்கூடச் சேர்ந்துவிட்டார். கடைசியில் போனால் போகிறதென்று தனியார் பஸ் கண்டக்டர்களையும் சேர்த்தார்கள். அப்படித்தான் உடுமலைப்பேட்டையில் நாச்சிமுத்து வீட்டுக்குச் சகாயராஜ் வந்தார்.

பஸ்ஸை நிறுத்தியதில் தப்பே இல்லை என்று நாச்சிமுத்துவுக்கே தெரியும். ஒருத்தர் கொட்டாவி விட்டால் அதைப் பார்த்தவரும் விடுவார். விட்டவர் இருந்த இடத்திலேயே சுருண்டு நாள் கணக்கில் தூங்குவார். சிலர் எழுந்திருக்கவே இல்லை. ஐம்பது பேர் முகத்தோடு முகம் உரசி நிற்கும் வண்டியில் இது என்ன பாடு படுத்தும்? நாச்சிமுத்து கண்டக்டராக ஓடிய வண்டி பழனி ரூட். கடைசி டிரிப்பில் டிரைவருக்குப் பின்னால் இருந்த பெரியவர் ஒருவர் விட்ட கொட்டாவியில் வண்டியே ஒன்று விட்டுவிட்டது. முன்கதவு திறந்தது திறந்தபடி நின்றுபோயிற்று. ஓனர் ஆட்களை வைத்துத் தள்ளிக்கொண்டுபோய் ஷெட்டில் விட்டு, தார்ப்பாய் போர்த்தி வைத்திருந்தார்.

சகாயராஜ் வேடசந்தூர்ப் பக்கத்து ஆள். மில்லில் இருந்து வேலை போய், பிறகு இந்த வேலைக்கு வந்தவர். சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுப்பதுதான் அவர் வேலை. அந்த வேலைக்குத்தான் அவருக்குச் சம்பளம். அந்தச் சம்பளத்தைத்தான் கொண்டுவந்து கொடுத்தார். அவர் வீட்டுக்கு வேறொருத்தர் போய்க்கொண்டிருந்தார்.

குறை சொல்ல முடியாத மனிதர். முதல் நாளே செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றிவைத்தார். நாச்சிமுத்துவின் மனைவி வளர்மதியைத் தங்கச்சி என்றார், அவளும் அண்ணா என்றாள். வீட்டில் இருந்ததே ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஆறு மணிக்கு அதை அவருக்குக் கொடுத்துவிட்டு நாச்சிமுத்து அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் பாய் விரித்துக் காலை நீட்டிக்கொள்வான். கூடுதல் சலுகையாக, வீட்டுத் தலைவருக்குப் பதிலாக வாரம் ஒருமுறை கவலைப்படவும் சம்பாத்தியக்காரர்களுக்கு உத்தரவு வந்திருந்தது. சனிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் சகாயராஜ் அரை மணி நேரம் சுவரைப் பார்த்துக் கவலைப்படுவார். சும்மா சொல்லக் கூடாது, மனசாரக் கவலைப்படுவார். அன்றைக்கு ராத்திரி மட்டும் நாச்சிமுத்துவுக்கு நல்ல தூக்கம் வரும்.

எல்லாம் சரிதான். அவனுக்குப் பொறுக்காமல் போனது ஒன்றே ஒன்று.

ஊரில் காய்ச்சல் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவன் மகள் தன்சிகா நடை பழகியிருந்தாள். அப்போதெல்லாம் அவன் டூட்டி முடிந்து வரும்போது தெருமுனையில் நின்று விசில் ஊதுவான். ஒரு விசில் என்றால் வண்டி நிற்கும், இரண்டு விசில் என்றால் போகும். அவன் ஒன்றுதான் ஊதுவான். அவ்வளவுதான், பாப்பா எங்கே இருந்தாலும் போட்டதைப் போட்டபடி கேட்டைப் பார்த்து ஓடிவருவாள். தத்தக்கா பித்தக்கா என்று, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, விழுந்தாலும் அழாமல் எழுந்து ஓடிவருவாள். பகலெல்லாம் சில்லறைக்கு வாங்கிய ஏச்சும் படிக்கட்டில் நின்ற கால்வலியும் அந்த ஓட்டத்தில் போய்விடும். அவன் சம்பாதித்ததே அதற்காகத்தான் என்றுகூடச் சொல்லலாம்.

இப்போது அந்த ஓட்டம் சகாயராஜுக்குப் போயிற்று. ஆறடிக்கக் கேட் கிறீச்சென்றால் போதும், "மாமா வந்தாச்சு!" என்று பாப்பா ஓடுவாள். ஓடுகிற வழியில் நாச்சிமுத்துவின் கால் நீட்டிக் கிடக்கும்.

"அப்பா, காலை எடு. மாமா வர்றாரு."

அவன் எடுப்பான்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், ஆறுக்குக் கொஞ்சம் முன்னால் கொல்லைப்பக்கமாக வெளியே இறங்கி, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, சந்து வழியாகச் சுற்றி முன்வாசலுக்கு வந்தான். வேண்டுமென்றே மூச்சு வாங்கினான். கேட்டைத் திறந்தான். கிறீச்சென்றது. பாப்பா எழுந்து இரண்டடி ஓடிவந்து நின்றுவிட்டாள்.

"நீ இங்கதான இருந்தே?" என்றாள். அவனைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்தாள். "தள்ளு, மாமா வர்றது தெரியல."

நாச்சிமுத்து துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டான். உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்துகொண்டான்.

இதற்கெல்லாம் நடுவே அவன் வேலையும் தேடியாக வேண்டும். வேலை தேடாத வீட்டுக்கு ஆள் வராது. வேலை தேட வெளியே போகவும் கூடாது. அதனால் செவ்வாய்க்கிழமை காலையில் தெருவில் இருக்கிற ஆண்களெல்லாம் அவரவர் கேட்டுக்கு உள்ளே நின்று, தெருவைப் பார்த்துச் சத்தமாகக் கேட்பார்கள். வார்டைப் பார்த்துக்கொள்ளும் கலாவதி அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாக நடந்து பதில் சொல்லுவார்.

"வேலை இருக்குதுங்களா?"

"இல்லீங்."

அடுத்த வாசல். "வேலை இருக்குதுங்களா?"

"இல்லீங்."

தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பும்போது கலாவதி அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிடும். யாராவது ஒரு வீட்டில் மோர் கொடுப்பார்கள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு குடிப்பார்.

திட்டம் தற்காலிகம் என்பதால் மாசக் கடைசியில் முடிந்துவிடும். மாசக் கடைசி ராத்திரி எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். செய்தி முடியும் தறுவாயில், இன்னும் ஒரு மாசம் நீட்டித்திருப்பதாகச் சொல்லுவார்கள். வளர்மதி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மறுநாளுக்கு அரிசி ஊறவைப்பாள். இப்படி நீட்டித்து நீட்டித்தே பாப்பாவுக்குப் பல் விழுந்து முளைத்துவிட்டது. அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மாமாவும் பாயில் ஒரு அப்பாவும் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் படம் வரைவாள். அப்பாவுக்குக் கால் ரொம்ப நீளமாக இருக்கும்.

பிறகு ஒரு மாசக் கடைசியில் காய்ச்சல் ஒழிந்துவிட்டது என்று சொன்னார்கள். வாய்க்குக் கைக்குட்டையை வைத்துக்கொண்டுதான் சொன்னார்கள். விரித்த திட்டத்தை மடக்கிக்கொள்வதாகவும், இனி பழையபடி மில்காரர்களுக்கு மட்டும்தான் என்றும் சொன்னார்கள். வளர்மதி டிவியை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நாச்சிமுத்து பஸ் ஓனருக்குப் போன் போட்டான்.

"வண்டி இன்னும் எந்திரிக்கலீங்க தம்பி," என்றார் ஓனர். "ஹாரன் அடிச்சுப் பார்த்தேன், புரண்டு படுத்துக்குச்சு. நல்ல தூக்கம். எழுப்ப மனசு வரல."

அடுத்த செவ்வாய் பழக்கதோஷத்தில் நாச்சிமுத்து கேட்டுக்குப் போய் நின்றான். குரலில் உயிரே இல்லை.

"வேலை இருக்குதுங்களா?"

"இருக்குதுங்," என்றார் கலாவதி அம்மா.

நாச்சிமுத்து கேட்டைப் பிடித்துக்கொண்டான். கலாவதி அம்மா குடையை மடக்கி, நிதானமாகச் சொன்னார்.

"கண்டக்டர் வீடுகளுக்கு இனி ஆள் வராதுங். அதனால சகாயராஜண்ணனுக்கு வேலை போச்சு. ஆனா அவரு மில்காரர். வேலை போன மில்காரர் எந்த வீட்டுல இருக்காரோ அந்த வீட்டுக்கு ஆள் உண்டு. அவங்க சொந்த வீட்டுல வேற ஆள் வந்து வந்து பழகிருச்சு, இவரு போனா எடஞ்சலாயிரும். அவருக்கு உங்க வீடு பழகிருச்சு. அதனால அவரு இங்க வந்து உட்கார்ந்துக்குவாரு. தினம் ஆறு மணிக்கு இந்த வீட்டுக்கு வர ஒரு ஆள் வேணும். அந்த வேலைதான் இருக்குது."

"நான் வரலாங்களா?"

"வரலாம். ஆனா வர்றவங்க வெளிய இருந்துதான் வரோணும். வீட்டுக்குள்ளயே இருந்துட்டு எப்படிங்க வர முடியும்?"

அது நியாயமாகத்தான் பட்டது. வேலையை வேண்டாமென்றால் யாருமே வரமாட்டார்கள், கேட் கிறீச்சிடாது, அடுப்பும் எரியாது. நாச்சிமுத்து வேறு எதையும் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் கேட்டான்.

"பாப்பா ஓடி வருமுங்களா?"

"வர்றவங்களைப் பார்த்து ஓடறதுதானுங்க புள்ளைங்க," என்றார் கலாவதி அம்மா. "அதுக்கென்ன தெரியும்?"

அவன் சரி என்றான்.

ராத்திரி வளர்மதி அவன் துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள். "ஏனுங், வெளிய இருந்தா உங்களுக்குச் சோறு யார் போடுவா?"

"இங்கதான் புள்ள சாப்பிடுவேன். அதுவும் அந்த வேலையில சேர்த்திதான்."

"படுக்கறது?"

"நம்ம வண்டியிலயே படுத்துக்கறேன். கடைசி சீட்டு நீளமா இருக்கும்."

அவள் கொஞ்ச நேரம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் வந்தால் பாப்பா எழுந்துவிடும். பிறகு பரண்மேல் ஏறி அவனுடைய பழைய தோல்பையை எடுத்து, தூசி தட்டி, எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தாள். விசில் அதற்குள்ளேயே இருந்தது.

மறுநாள் காலையில் சகாயராஜ் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். நாச்சிமுத்து பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். வாசலில் இருவரும் ஒரு நிமிஷம் நின்றார்கள்.

"பாய் ஓரம் பிஞ்சிருக்குமுங்க, குத்தும். பார்த்து உட்காருங்க," என்றான் நாச்சிமுத்து.

"சரி தம்பி," என்றார் சகாயராஜ். "டீயில சக்கரை கொஞ்சம் தூக்கலாத்தான் போடும் தங்கச்சி. கம்மியாக் கேட்டு வாங்கிக்கங்க."

அன்றைக்குப் பகல் முழுக்க நாச்சிமுத்து ஷெட்டில் தூங்குகிற வண்டிக்குள் நின்றுகொண்டே இருந்தான். களைத்துப்போக வேண்டுமே. சாயங்காலம் கூலியை வாங்கிக்கொண்டு, பாப்பாவுக்குத் தேன்மிட்டாய் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு நடந்தான். தெருமுனைக்கு வந்ததும் நின்றான். விசிலை வாயில் வைத்து ஒரே ஒருமுறை ஊதினான்.

வீட்டுக்குள் ஏதோ கீழே விழுகிற சத்தம் கேட்டது. பாப்பா போட்டதைப் போட்டபடி எழுந்துவிட்டாள். இப்போது அவளுக்குத் தத்தக்கா பித்தக்கா எல்லாம் இல்லை, பின்னல் இரண்டும் பறக்க, பாவாடையை ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓட்டமான ஓட்டம். ஓடுகிற வழியில் சகாயராஜின் கால் நீட்டிக் கிடந்தது.

"அப்பா, காலை எடு," என்றாள். சகாயராஜ் எடுத்தார்.

வந்த வேகத்தில் நாச்சிமுத்துவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். எத்தனை வருஷம்! அவன் கண் நிறைந்துவிட்டது. குனிந்து அவள் தலையில் முகத்தை வைத்துக்கொண்டான். அதே தேங்காயெண்ணெய் வாசம்.

"மாமா வந்தாச்சு!" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினாள் பாப்பா. "பையைக் குடுங்க மாமா, நான் எடுத்துட்டு வர்றேன்."

நாச்சிமுத்து பையைக் கொடுத்தான். தேன்மிட்டாயையும் கொடுத்தான். செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே போனான்.

கூலியை வளர்மதியிடம் நீட்டினான். அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்தான். டீ கொஞ்சம் தித்தித்தது, நன்றாகவே இருந்தது. பாப்பாவிடம் படிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்டான். பாயில் இருந்து சகாயராஜ் பாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் நாச்சிமுத்துவுக்கு நன்றாகத் தெரிந்த முகம், அதனால் அந்தப் பக்கம் அவன் திரும்பவில்லை.

எட்டு மணி ஆயிற்று. எழுந்து செருப்பை மாட்டினான். வளர்மதி வாசற்படி வரைக்கும் வந்தாள்.

"நாளைக்கு நேரத்துல வந்துருங்க," என்றாள்.

"வந்தர்றனுங்க," என்றான் அவன். கல்யாணமான நாளிலிருந்து அவளை 'ங்க' போட்டு அவன் பேசியதில்லை. வாயில் அதுதான் வந்தது.

பாப்பா படியில் உட்கார்ந்து தேன்மிட்டாயைச் சப்பிக்கொண்டிருந்தாள். "மாமா, ரெண்டு விசில் ஊதுங்க மாமா."

அவன் கேட்டுக்கு வெளியே வந்து நின்று, விசிலை எடுத்து, ஒன்று, இரண்டு என்று ஊதினான்.

இரண்டு விசில் கேட்ட வண்டி மாதிரி வீடு ஒரு குலுங்கு குலுங்கி மெல்ல நகர்ந்தது. வளர்மதி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே சகாயராஜ் காலை மடக்கிக்கொண்டு அரிசி மூட்டை சாயாமல் அணைத்துக்கொண்டார். பாப்பா படியில் இருந்தபடியே கையாட்டினாள். தெருமுனையில் எதிரே ஒரு காய்கறி வேன் வர, வீடு சற்று ஒதுங்கி வழிவிட்டுப் பழனி ரோட்டுப் பக்கம் திரும்பிப் போயிற்று.

நாச்சிமுத்து கேட்டைச் சாத்தினான், கொக்கியை மாட்டினான், ஷெட்டைப் பார்த்து நடந்தான்.