பசை வாங்கப் போனவர்

என்னைக் கட்டிக்கொள்ள அரை மணி நேரத்தில் தலையாட்டிய மனிதர், குளியலறைச் சுவரில் டைல் ஒட்டப் பசை வாங்க வாரக்கணக்காகக் கடைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார். போவார், வருவார், கையில் ஒன்றும் இருக்காது.

என் மாமனார் இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். காலைத் தூக்கித் தொட்டிக்குள் வைக்க அவரால் முடியாது. அதனால் பழைய குளியல் தொட்டியைப் பெயர்த்துவிட்டு, உட்கார்ந்தே குளிக்கிற மாதிரி ஷவர் வைத்தோம். சுவருக்கு நீர் இறங்காத பூச்சும் பூசியாயிற்று. பெரிய பெரிய டைல்கள் கூடத்தில் கிடந்து, போகும்போதும் வரும்போதும் என் கால் விரலைப் பதம் பார்த்தன. பசைதான் பாக்கி. அதுவரை துணி துவைக்கும் அறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, இவர்தான் தினமும் அப்பாவைக் குளிப்பாட்டினார்.

மாமா காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். ஒரு டம்ளர் தண்ணீர்கூட யாரிடமும் கேட்டு வாங்கமாட்டார். அப்படிப்பட்டவர் ஒருநாள் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, நான் எப்பம்மா தாழ்ப்பாள் போட்டுக் குளிக்கப் போறேன்? புள்ள முன்னாடி இப்படி உக்காந்திருக்கிறது உயிர் போகுது."

அன்று சாயங்காலமும் இவர் கையை வீசிக்கொண்டு வந்து நின்றார்.

"என்னங்க, பசை எங்க?"

"இல்ல... டப்பால கலந்தே வர்றது இருக்கு. தண்ணி ஊத்திக் கலக்குற பவுடர் இருக்கு. அதுலயும் சாதா ஒண்ணு, பாலிமர் போட்டது ஒண்ணு. யோசிக்கணும்ல?"

"நல்லா யோசிங்க. அதுக்குள்ள எனக்கும் இடுப்பு உடைஞ்சிடும்."

சமையலறைக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. டைல் வாங்கிய அன்றே இவர் எனக்கு வகுப்பு எடுத்திருந்தார். டப்பாப் பசை காற்றுப் பட்டுத்தான் காயும்; இந்த டைல் தண்ணீரையும் உறிஞ்சாது, காற்றையும் விடாது; பெரிய டைலுக்குப் பின்னால் பசை ஈரமாகவே கிடந்து, ஒருநாள் தலையில் விழும்; பாலிமர் கலந்த பவுடர்தான் சரி. எல்லாம் தெரிந்த மனிதர் இத்தனை நாளாக எதை யோசிக்கிறார்?

மறுநாள் காலை, இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று துணி துவைக்கும் அறைப்பக்கம் போனேன். உள்ளே சிரிப்புச் சத்தம். மாமா வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதே கிடையாது. இவர் பின்னால் நின்று முதுகு தேய்க்க, மாமா சுவரைப் பார்த்தபடி, மழையில் பஸ் சேற்றில் சிக்கிய கதையை அளந்துகொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்த இவர் முகம் பள்ளிக்கூடப் பையன் முகமாக இருந்தது. நான் சத்தம் போடாமல் திரும்பிவிட்டேன்.

மாமா தூங்கப் போனதும் கேட்டேன். "எந்தப் பசைன்னு உங்களுக்கு முதல் நாளே தெரியும். அப்புறம் என்ன?"

மென்று முழுங்கினார். "சின்ன வயசுல நான் தூங்கினப்புறம்தான் அப்பா வருவார், எந்திரிக்கிறதுக்குள்ள போயிடுவார். வளர்ந்தப்புறம் நேருக்கு நேர் பார்த்தா ரெண்டு பேருக்குமே வாய் வராது. இப்ப முதுகு தேய்க்கிறப்பதான் தானாப் பேசுறார். சுவரு முடிஞ்சா இதுவும் முடிஞ்சிடும்ல?"

என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ. பாவமாக இருந்தது. ஆனாலும் விட முடியவில்லை.

"உங்களுக்குக் கதை கிடைக்குது. அவருக்கு உயிர் போகுதுங்க. புள்ள முன்னாடி உக்கார முடியலன்னு என்கிட்ட சொன்னார்."

"அப்பாவா சொன்னாரு?" என்றார்.

மறுநாள் தோளில் மூட்டையோடு வந்தார். பாலிமர் பவுடர்தான். நான் கலக்கிக் கொடுத்தேன். பல் வைத்த கொத்தனார் கரண்டியால் வரிவரியாக இழுத்து, முதல் டைலைப் பதித்தார். உடனே அதைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் முழுக்கப் பசை பிடித்திருந்தது, ஓர் இடம்கூட வெறுமையாக இல்லை. "சரியா இருக்கு," என்று மறுபடி பதித்தார். மனசில்லாமல் செய்த வேலைதான், ஆனால் ஒரு மூலையில்கூட ஏமாற்றவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு இவர்மேல் ரொம்பப் பிரியமாக இருந்தது.

எல்லாம் காய்ந்து, இடுக்குகள் அடைத்து, அதுவும் இறுகிய பிறகு ஒரு காலையில் மாமா சுவரில் மாட்டிய கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது. ஷவர் திறந்தது. இவர் தோளில் துண்டோடு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கதவுக்கு வெளியே நின்றார். போங்க, ஆபீஸுக்கு நேரமாச்சு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உள்ளே மாமா குரல் கேட்டது. தண்ணீர் இரைச்சலில் என்னவென்று புரியவில்லை.

"என்னப்பா? கேக்கல!" என்று இவர் கதவில் காதை வைத்தார்.

ஷவர் நின்றது.

"இருக்கியாடா?"

"இருக்கேன்பா."

"அந்த மலை ரோட்டுல பிரேக் பிடிக்காமப் போன கதைய உனக்குச் சொன்னேனா?"

இவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "இல்லப்பா. சொல்லுங்க."

சோப்பு காய்ந்துபோகும் மாமா என்று நான் கத்த நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன். தண்ணீரைத் திறக்காமலே, தாழ்ப்பாளை எடுக்காமலே, மாமா முழுக் கதையும் சொன்னார்.