மூக்கு தூக்காத பலகை

என் வீட்டுக்காரரை வேலை செய்கிற இடத்தில் மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அலமாரி, கட்டில், சமையல் மேடைக்குக் கீழே வரும் கதவுகள் என்று மரத்தில் எதைச் செய்தாலும், அரை மில்லிமீட்டர் பிசகினால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. கதவுதான் மூடுகிறதே, அப்புறம் என்ன என்று கேட்டால், "மூடுறது வேற, சேர்றது வேற" என்பார். இருபத்திரண்டு வருஷமாக இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் செய்துவிட்டார், பாவம் என்று யாரும் என்னிடம் சமாதானம் பேச வர வேண்டாம்.

எனக்கு வேலை பல் செட் செய்வது. டாக்டர் வாயில் அச்செடுத்து அனுப்புவார், அதை வைத்து நான் செட் செய்து கொடுப்பேன். வேலைக்குப் போகிற பஸ் கடற்கரை ரோடு வழியாகத்தான் போகும். போன வருஷம் ஒரு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது கடலில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். என் வயசுதான் இருக்கும், என்னைவிடக் கொஞ்சம் குண்டு. சின்னப் பலகை ஒன்றை நெஞ்சுக்குக் கீழே வைத்துக் குப்புறப் படுத்தபடி, அலையோடு கரை வரைக்கும் வழுக்கிக்கொண்டு வந்தாள். நீளப் பலகைமேல் எழுந்து நின்று வித்தை காட்டுகிற ரகம் இல்லை இது. சும்மா படுத்துக்கொள்ள வேண்டியதுதான். படுப்பது எனக்கு நன்றாக வரும். நீச்சலும் பள்ளிக்கூடத்திலேயே கற்றது. அன்று பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எனக்கு அது வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். அவருக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் முகம் வெளுத்துவிடும். "கடையில வாங்க வேண்டாம். உனக்கு அளவெடுத்து நானே செஞ்சு தர்றேன்" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கல்யாணமான புதிதில் கூட அவரை அப்படிக் கட்டிப்பிடித்ததில்லை.

அளவெடுத்தாரே, அதை ஒரு கல்யாணப் புடவை எடுப்பது மாதிரி எடுத்தார். சுவரோரம் நிற்க வைத்து, தரையிலிருந்து தொப்புள் வரைக்கும் பென்சில் கோடு போட்டார். பலகையின் நீளம் அவ்வளவுதான் இருக்க வேண்டுமாம். பழைய பேப்பரைத் தரையில் விரித்துக் குப்புறப் படுக்கச் சொல்லி, தோளின் அகலத்தையும், மடக்கிய முழங்கை எங்கே வருகிறது என்பதையும் வரைந்தார். எடை கேட்டார். நான் இரண்டு கிலோ குறைத்துச் சொன்னதற்கு, "உண்மையைச் சொல்லு, இல்லைன்னா பலகை முழுகும்" என்று அதட்டினார். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. உண்மையைச் சொல்லச் சொன்னவர் அவர்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எதைச் செய்தாலும் முதலில் மெல்லிய பிளைவுட்டில் ஒரு மாதிரி வெட்டுவார். அதில் ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் ஏன் அப்படி வெட்டினார் என்று பென்சிலால் எழுதுவார். "கைப்பிடி இடிக்கும், மூணு குறை" என்கிற மாதிரி. ஆறு மாசம் கழித்து அதே வேலை திரும்பி வந்தால் தனக்கே மறந்துவிடும் என்பார். அந்த மாதிரிகள் எல்லாம் அவருடைய பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்கும். நான் அந்தப் பக்கம் போவதே அபூர்வம். மரத்தூள் பட்டால் எனக்குத் தும்மல் நிற்காது.

பத்து நாளில் பலகை வந்தது. தண்ணீர் ஏறாத பன்னிரண்டு மில்லிமீட்டர் பிளைவுட். முன் ஓரம் பிறை மாதிரி வட்டம், விளிம்பெல்லாம் கன்னம் மாதிரி வழவழப்பு, அடியில் மீனுக்கு இருப்பது மாதிரி சின்னதாக இரண்டு துடுப்பு, மூன்று தரம் வார்னிஷ். மேலே வழுக்காமல் இருக்க மெழுகு தேய்த்திருந்தார். முன்னால் கனமான மரத்தில் ஒரு பட்டை ஒட்டியிருந்தது. எதற்கு என்று கேட்டேன். "தரையில முட்டினா உடையாம இருக்க" என்றார். என்ன அக்கறை பார் என்று எனக்குள்ளேயே பூரித்துப்போனேன்.

அதற்கப்புறம் எட்டு மாசம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காலையிலேயே கடலுக்குப் போவோம். நான் தண்ணீரில், அவர் துண்டோடு கரையில். முழங்கால் ஆழத்தில், அலை உடைந்து நுரையாக வருகிற இடத்தில், பலகை நன்றாகத்தான் ஓடியது. ஆனால் நான் பஸ்ஸிலிருந்து பார்த்தது நுரை இல்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே, இடுப்பளவில், அலை உடைவதற்கு முன்னால் கண்ணாடி மாதிரி நிமிர்ந்து நிற்குமே, அங்கே ஏற வேண்டும். அங்கே போனால் ஒவ்வொரு தடவையும் ஒன்றேதான் நடந்தது. பலகையின் மூக்கு தண்ணீரில் குத்தும், நான் அதன்மேல் குட்டிக்கரணம் அடிப்பேன். காதில் மண், மூக்கில் உப்பு. ஒரு தடவை தாடையில் அடிபட்டு ஒரு வாரம் எதையும் மென்று சாப்பிட முடியவில்லை. அடுத்தவர்களுக்குப் பல் செய்கிறவள், எனக்கே செய்துகொள்ள வேண்டியதாகப் போயிருக்கும்.

கரைக்கு வந்ததும் அவர் துண்டைப் போர்த்துவார். "நுரையிலயே எவ்வளவு அழகாப் போற. அங்க எதுக்கு?" என்பார். வீட்டுக்கு வந்து தோளுக்குத் தைலம் தேய்த்துவிடுவார். "நாப்பத்தஞ்சு வயசுல இவ்வளவு செய்யறதே பெரிசு" என்பார். நான் என் உடம்பைத் திட்டினேன். கையில் பலம் இல்லை என்று சுவரில் கையூன்றித் தினமும் அறுபது தடவை தள்ளினேன். சோற்றைப் பாதியாக்கினேன். கட்டில்மேல் தலையணையைப் போட்டு அதில் பாய்ந்து பழகினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், இந்த மாசத்தோடு விட்டுவிடுகிறேன், பலகையைத் துணி தேய்க்க வைத்துக்கொள்ளலாம் என்று அவரிடம் சொன்னேன். சொன்னபோது அழுகை வந்தது. அவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

அந்த மாசத்தின் கடைசி ஞாயிறு. யாரோ ஒருவர் வீட்டில் அலமாரி பொருத்த வேண்டும் என்று அவர் போய்விட்டார். நான் தனியாகத்தான் கடலுக்குப் போனேன். முன்பு பஸ்ஸிலிருந்து பார்த்த அதே பெண் அங்கே இருந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், எல்லாரும் டிரைவரம்மா என்பார்கள். நான் மூன்று தடவை குட்டிக்கரணம் அடித்ததைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

"ஒரு தடவை என்னோடதை வெச்சுப் பாருங்க" என்று தன் பலகையை நீட்டினாள்.

முதல் அலை தவறிப்போனது. இரண்டாவதில் ஏறிவிட்டேன். அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அலை பின்னாலிருந்து தூக்கியது, பலகை முகத்தை நிமிர்த்திக்கொண்டு இறங்கியது, கரை என்னை நோக்கி ஓடி வந்தது. மணலில் வயிறு தட்டி நின்றபோது நான் சத்தமாகக் கத்திக்கொண்டிருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. திரும்ப ஓடினேன். ஐந்து அலை பிடித்தேன். என் கையிலும் ஒரு குறையும் இல்லை, என் வயசிலும் ஒரு குறையும் இல்லை.

டிரைவரம்மா அதற்குள் என் பலகையில் ஏறிப் பார்த்து, அலையில் குத்திக்கொண்டு வந்திருந்தாள். இருமிக்கொண்டே அதைத் திருப்பிப் பார்த்தாள். முன்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவினாள்.

"மூக்கு தூக்கவே இல்லையே. பத்தாததுக்குக் கனம் வேற. யாரு செஞ்சது, வேலை தெரியாத ஆளா?"

எனக்குச் சுருக்கென்றது. "என் வீட்டுக்காரர். அவர மாதிரி வேலைக்காரரைத் தேடினாலும் கிடைக்காது" என்றேன்.

"அப்ப மறந்திருப்பாரு. வெந்நீர்ல ஊறவெச்சு வளைக்கணும். முதல்ல வெட்டின மாதிரி ஏதாவது இருந்தா கொண்டாங்க, என்னோடதோட வெச்சுப் பார்ப்போம்."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான் சந்தோஷமாகத்தான் பட்டறைக்குப் போனேன். மில்லிமீட்டருக்கே சறுக்கல்! இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தப்பு. இதை வைத்து வருஷம் முழுக்க அவரை ஓட்டலாம் என்று வழியெல்லாம் வசனம் யோசித்துக்கொண்டே போனேன். தும்மிக்கொண்டே சுவரில் தேடினேன். ஒரு அலமாரி மாதிரிக்குப் பின்னால் மாட்டியிருந்தது.

பக்கவாட்டு மாதிரி அது. முன்பக்கம் அழகாக மேலே வளைகிற ஒரு கோடு. பக்கத்தில் அவருடைய குண்டு குண்டான எழுத்து. "மூக்கு 50 மி.மீ. தூக்கணும். இல்லைன்னா அலையில குத்தும்." அந்த வரியை ஒரே கோடாக அடித்திருந்தது. அதற்குக் கீழே நேர்கோடு. அதன் பக்கத்தில், "தூக்க வேண்டாம். முன்னால கனம் வை. நுரையோட நிக்கட்டும். அவளுக்கு இது போதும்."

நான் அதை இரண்டு தடவை படித்தேன். அவர் மறக்கவில்லை. எது சரி என்று தெரிந்து, அதைச் சரியாக வரைந்து, பிறகு அடித்திருக்கிறார். எட்டு மாசம் துண்டைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்று, நான் விழுவதைப் பார்த்திருக்கிறார். தைலம் தேய்த்த கைதான் இதை எழுதியிருக்கிறது. அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

என் வேலையில் இதை நான் தினமும் பார்க்கிறேன். செட் சரியாகப் பொருந்தாவிட்டால், வருகிறவர்கள் செட்டைக் குறை சொல்லவே மாட்டார்கள். என் ஈறு அப்படி, என் வாய் அப்படி, நான்தான் பழகிக்கொள்ள வேண்டும் என்பார்கள். உங்க வாய் நல்லாத்தான் இருக்கு, குறை செட்டுல என்று நான் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் அவர் கருவிப் பெட்டியோடு உள்ளே வந்தார். என் மடியில் இருந்ததைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்தார். எதற்கு வந்தாய் என்று கூடக் கேட்கவில்லை.

"நீ உள்ள போயிடுவேன்னு பயமா இருந்துச்சு" என்றார். "உனக்கு ஏதாவதுன்னா இறங்கிவந்து தூக்கக்கூட எனக்குத் தெரியாது."

"பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேட்டிருப்பியா?"

"கேட்டிருக்க மாட்டேன்."

"அதான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்குத் தலைக்கேறியது. "அதான்னா? நான் கேக்க மாட்டேன்னா, எனக்கு முடியாதுன்னு என்னையே நம்ப வெப்பீங்களா? இன்னிக்கு டிரைவரம்மாவோட பலகையில அஞ்சு அலை பிடிச்சேன். அறுபது தடவை சுவரைத் தள்ளினேனே, பக்கத்துல உக்காந்து எண்ணினீங்களே! போன வாரம் நான் அழுதப்ப வாயைத் திறந்தீங்களா?"

"நீயே விட்டுட்டா சொல்ல வேண்டிய அவசியமே இருக்காதுன்னு நினைச்சேன்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்று அவரைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசியவள் நான். அந்த நேரத்திலும் அவர் உண்மையைத்தான் சொன்னார். அதைவிட ஒரு பொய்யே சொல்லியிருக்கலாம்.

மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. அவரும் பட்டறையே கதியென்று கிடந்தார். நான்காம் நாள் சாயங்காலம் புதுப் பலகையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். மூக்கு நன்றாகத் தூக்கியிருந்தது. கனமான பட்டை இல்லை. வார்னிஷ் மினுமினுத்தது. "டிரைவரம்மாவோடதைவிட நல்லா ஓடும்" என்றார். ஓடும் என்று எனக்கும் பார்த்ததுமே தெரிந்தது. அதில் ஏற வேண்டும் என்று உடம்பு பரபரத்தது, அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

நான் கைப்பையைத் திறந்து, செட்டை அளக்க வைத்திருக்கிற வெர்னியர் அளவுகோலை எடுத்தேன். நேராக நிமிர்த்திப் பிடித்து மூக்கின் உயரத்தை அளந்தேன். ஐம்பது. வலது ஓரத்தின் கனம், இடது ஓரத்தின் கனம், துடுப்பு இரண்டின் உயரம் என்று ஒவ்வொன்றாக அளந்து, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். இந்த வீட்டில் அவர் செய்த கட்டிலில் படுக்கிறேன், அவர் செய்த மேசையில் சாப்பிடுகிறேன், ஒரு நாளும் அவர் வேலையை நான் அளந்ததில்லை. அவர் எதிரில் நின்று, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிற நோயாளி மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் சரியாக இருந்தது. அரை மில்லிமீட்டர் கூடப் பிசகவில்லை.

"இனிமே ஒவ்வொண்ணையும் இப்படித்தான் அளப்பியா?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"அளக்கணும்னு எனக்கு ஆசை இல்லை" என்றேன். "கை தானா போகுதே, நான் என்ன பண்ணட்டும்?"