நாலாம் நம்பர்கிட்ட சொல்லு

வாயாடி என்ற பட்டப்பெயர் அவளுக்குச் சும்மா வரவில்லை. பஸ் நிலையத்தில் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று நாள் முழுக்க மைக்கில் அறிவிக்கிறவள். மைக் பழுதான நாளில்கூட யாரும் வண்டியைத் தவறவிட்டதில்லை. அப்பேர்ப்பட்டவள் வீட்டில் ஒரே ஒரு ஆளோடு மட்டும் மூன்று மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தாள். அந்த ஆள் அவளுடைய அண்ணி.

அண்ணி பேக்கரியில் மாவு பிசைகிறவள். இருவருமே கால்பந்துக்காரிகள், இவள் கோல்கீப்பர், அவள் தடுப்பாட்டக்காரி. நல்லவேளையாக வேறு வேறு கிளப். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் இவள் இரண்டாம் தடவை தட்டை நீட்டியபோது, நின்றுகொண்டே இருக்கிறவளுக்கு எப்படித்தான் இவ்வளவு பசிக்கிறதோ என்று அண்ணி சொல்லிவிட்டாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் கோல்கீப்பரிடம் சொல்லக்கூடாதது ஒன்று உண்டென்றால் அது இதுதான். அன்றிலிருந்து உப்பு வேண்டுமென்றால்கூட அண்ணன் மூலமாகத்தான். லிஃப்ட் மெக்கானிக்கான அந்த மனுஷன் வீட்டுக்கு வந்தால் தானே லிஃப்டாகி, இருவருக்கும் நடுவே சேதி சுமந்தான்.

அப்போதுதான் தேசிய அணிக்கான தேர்வு வந்தது. இருவருக்கும் அழைப்பு. கடைசித் தேர்வு ஆட்டத்தில் கோச்சம்மா இருவரையும் ஒரே பக்கம் போட்டுத் தொலைத்தார். அண்ணியின் முதுகில் நாலாம் நம்பர்.

கோல்கீப்பருக்குக் கை மட்டும் போதாது, வாயும் வேண்டும். பின்னால் நிற்கிற அவளுக்குத்தான் மைதானம் முழுக்கத் தெரியும். யார் எங்கே போக வேண்டும் என்று கத்திக்கொண்டே இருக்க வேண்டும். வாயாடியும் கத்தினாள், அண்ணியைத் தவிர மற்ற எல்லோரிடமும். அண்ணிக்குச் சொல்ல வேண்டியதை இடப்பக்கம் ஆடிய, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற பெண்ணிடம் சொன்னாள்.

"அந்த நாலாம் நம்பர்கிட்ட சொல்லு, உள்ள வரச்சொல்லி."

நர்ஸ் திரும்பிச் சொல்லி முடிப்பதற்குள் பந்து வலைக்குள் கிடந்தது. அடுத்த கோலும் அதே கதைதான். பார்த்தவர்கள் கண்ணுக்கு இரண்டுமே அண்ணி கோட்டைவிட்டது.

இடைவேளையில் கோச்சம்மா வாயாடியைத் தனியாகக் கூப்பிட்டார். கையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வேண்டிய நேரத்தில் வாய் திறக்காத கோல்கீப்பரைக் கூட்டிப்போக முடியாது என்றார். அவளைப் பார்த்து இப்படிச் சொன்ன முதல் மனுஷி அவர்தான். அவமானத்தில் காது சுட்டது.

இரண்டாம் பாதி ஆரம்பித்தும் ரோஷம் விடவில்லை. ஆனால் எதிரணிக்காரி ஒருத்தி அண்ணியின் முதுகுக்குப் பின்னால் பூனை மாதிரி நழுவுவதைப் பார்த்ததும், அடைத்து வைத்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது.

"அண்ணி! பின்னாடி!"

அண்ணி சட்டென்று திரும்பிப் பந்தைப் பறித்து விளாசினாள். அதற்கப்புறம் வாயாடியை யாராலும் நிறுத்த முடியவில்லை. தூங்குகிறீர்களா அண்ணி, வலது பக்கம் போங்கள், கண்ணை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று மரியாதை குறையாமல் அவள் திட்டத் திட்ட, அண்ணி முகமெல்லாம் சிரிப்பாக ஓடினாள். கொஞ்ச நேரத்தில் நர்ஸும் அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தாள். எதிரணிக்காரிகூட வழியை விடுங்க அண்ணி என்று கெஞ்சினாள். அதன்பிறகு ஒரு பந்தும் உள்ளே வரவில்லை.

மாலையில் கோச்சம்மா பெயர்களைப் படித்தார். வாயாடி இருந்தாள். அண்ணி இல்லை.

துள்ளிக் குதிக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். முதல் பாதியிலேயே தான் வாயைத் திறந்திருந்தால் அந்த இரண்டு கோலும் விழுந்திருக்காது, அண்ணியும் தேறியிருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். பெஞ்சில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த அண்ணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அதைச் சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"நானும்தானே பேசல" என்றாள் அண்ணி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மற்ற பூட்ஸையும் கழற்றினாள்.

"அங்க என் இடத்துல எவளோ ஒருத்தி நிப்பா. அவளை எவ்வளவு வேணும்னாலும் திட்டு. அண்ணின்னு மட்டும் கூப்பிட்டுடாதே."