மூணு பங்கு பழசு, ஒரு பங்கு புதுசு

சங்கரன்கோவில் தபாலாபீசில் தந்தி கிளார்க்காக இருந்த அருமைநாயகத்துக்கு வீட்டில் துணை என்று இருந்தது ஒரு நாய் மட்டும்தான். சிப்பிப்பாறை நாய். ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாக, அது நடந்தால் பரேடு போவது போலிருக்கும். மகள் ஞானபாக்கியம் பள்ளிக்கூடம் படிக்கும்போது குட்டியாகத் தூக்கி வந்து, சிப்பாய் என்று பேர் வைத்தாள். அவள் போய் ஆறு வருஷமாகிவிட்டது. டைப்ரைட்டிங் வகுப்பில் பழகிய கடையநல்லூர்ப் பையன் பாதுஷாவைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு பம்பாய்க்குப் போனாள். போன அன்றைக்கே, "எனக்கு மக இல்ல" என்று சொல்லிவிட்டார் அருமைநாயகம். அவளுடைய சைக்கிளை விற்றார். போட்டோவைக் கழற்றி வைத்தார். நாயை மட்டும் ஒன்றும் செய்யவில்லை.

அவர் மனைவி மார்த்தாள் அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தாள். மஞ்சள் காமாலை என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஊரில் யார் வீட்டில் யார் சாகக் கிடந்தாலும், 'உடனே புறப்பட்டு வரவும்' என்று தந்தி அடித்து அனுப்பிய கை அருமைநாயகத்தின் கை. தன் மகளுக்கு அந்த ஒரு தந்தியை அது அடிக்கவில்லை. தாய் செத்தது பாக்கியத்துக்கு ஒரு மாதம் கழித்து மாமியார் மைமூனம்மாள் எழுதித்தான் தெரிந்தது. உடனே அப்பாவுக்குக் கடிதம் போட்டாள். ஒரே வரி. "எனக்கு ஏன் சொல்லவில்லை?" அதற்கு அவர் பதில் போடவில்லை. கடிதத்தைக் கிழித்துப் போடவும் மனம் வராமல் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

எண்பத்தைந்தாம் வருஷத் தொடக்கத்தில் சிப்பாய்க்கு முடியாமல் போயிற்று. தின்றதெல்லாம் வாந்தி. முதுகில் முடி கொட்டி, தோல் சிவந்து தெரிந்தது. ஒட்டிய வயிறு இன்னும் ஒட்டி, விலா எலும்பை எண்ணிவிடலாம் போலாயிற்று. மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் சங்கரசுப்பிரமணியன் சின்ன வயசுக்காரர். நாயின் வாயைத் திறந்து பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணாச்சி, இவனுக்கு என்ன போடுதீங்க?"

"நான் தின்னுததுதான். சோறு, குழம்பு. ஞாயித்துக்கிழமைன்னா கறி, எலும்பு."

"நம்ம நாக்குக்குப் போடுத உப்பும் புளியும் காரமும் இவனுக்கு ஆகலை. வயிறு புண்ணாயிட்டு. கிட்னியும் தளந்திருக்கு. நான் மருந்து தாரேன். ஆனா தீனிய மாத்தலேன்னா மருந்தால பிரயோஜனம் இல்ல."

"பால்சோறு போடட்டுமா?"

"சும்மா பால்சோறுல இவனுக்கு என்ன சத்து இருக்கு? வெளிநாட்டுல நாய்க்குன்னே தீனி செய்யுதான். காஞ்ச உருண்டையா, கடலை மாதிரி இருக்கும். இன்ன வயசுக்கு இன்ன தீனின்னு பாத்து வாங்கணும். நம்ம பக்கம் கிடைக்காது. பம்பாய்ல ஒண்ணு ரெண்டு கடையில வச்சிருக்கான். பம்பாய்ல உங்களுக்கு ஆள் இருக்கா?"

அருமைநாயகம் நாயின் காதைத் தடவிக்கொண்டே நின்றார்.

"இருக்கு" என்றார் கடைசியில்.

அலமாரியைத் திறந்து பழைய கடிதத்தை எடுத்தார். அதன் பின்பக்கம்தான் விலாசம் இருந்தது. ஒரு இன்லண்டு லெட்டரில் எழுதினார். 'அன்புள்ள' என்று ஆரம்பிக்க வரவில்லை. "சிப்பாய்க்குச் சுகமில்லை. டாக்டர் நாய்த்தீனி பம்பாயில் கிடைக்கும் என்கிறார். வயது பத்து. வயிற்றுப் புண், கிட்னி. முடிந்தால் அனுப்பவும்." அவ்வளவுதான். தந்தி எழுதிப் பழகிய கை.

பன்னிரண்டாம் நாள் ஒரு பார்சல் வந்தது. துணி சுற்றித் தைத்து அரக்கு வைத்த பார்சல். அதற்கு ஒரு நாள் முன்னதாகக் கடிதமும் வந்திருந்தது. அதிலும் 'அன்புள்ள' இல்லை.

"கடையில் மூன்று தினுசு இருந்தது. ஒன்றில் நாய்ப் படம் பெரிதாகப் போட்டு ஆளை மயக்குகிறான். பின்னால் திருப்பிப் பார்த்தால் முதலில் மக்காச்சோளம் என்று இருக்கிறது. எது அதிகமாகச் சேர்த்திருக்கிறதோ அதைத்தான் முதலில் எழுத வேண்டுமாம். நாய்க்கு எதற்குச் சோளம்? இரண்டாவது குட்டிகளுக்கானது. மூன்றாவதில் முதலில் கோழிக்கறி, வயதான நாய்க்கு என்றும் போட்டிருந்தது. இங்கே ஒரு நாய் டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டு அதையே வாங்கினேன். ஒரேயடியாக மாற்றக் கூடாது. முதல் மூன்று நாள், மூணு பங்கு பழசு, ஒரு பங்கு புதுசு. பிறகு மூன்று நாள் பாதிக்குப் பாதி. அடுத்த மூன்று நாள் ஒரு பங்குதான் பழசு. பத்தாம் நாளிலிருந்து முழுக்கப் புதுசு. பழசு என்றால் குழம்பு ஊற்றாத வெறும் சோறு. பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். வயிற்றால் போனால் முந்தின படிக்குத் திரும்பிவிடவும்."

கடைசியில் 'ஞானபாக்கியம்' என்ற கையெழுத்து. நலமா என்ற கேள்வி இல்லை. அருமைநாயகம் அதை மூன்று தடவை படித்தார். பிறகு காலண்டரை எடுத்துத் தேதிகளில் பென்சிலால் குறி போட்டார்.

சிப்பாய் முதல் நாள் சோற்றை மட்டும் நக்கித் தின்றுவிட்டு உருண்டைகளை ஒவ்வொன்றாகத் தரையில் துப்பி வைத்தது. இரண்டாம் நாளும் அப்படியே. அவர் சாப்பிடும்போது எதிரே வந்து உட்கார்ந்து தட்டையே பார்த்தது. அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தின்றார். மகளுக்கு எழுதினார். "உருண்டையைத் துப்புகிறான்." பதில் வந்தது. "உப்புப் போடாமல் எலும்பை வேக வைத்து, அந்தத் தண்ணீரை வெதுவெதுப்பாக ஊற்றி ஊற வைத்துக் கொடுங்கள். பொறுமையாக இருங்கள். உங்களுக்கு அது வராது, தெரியும்."

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மார்த்தாள் போனபிறகு அந்த வீட்டில் அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

பத்து நாள் என்றது இருபது நாளாயிற்று. ஆனால் நாய் மாறியது. வாந்தி நின்றது. ஒரு மாதத்தில் முதுகில் புது முடி அரும்பியது. டாக்டர் தொட்டுப் பார்த்து, "நல்ல தீனிதான் வாங்கி அனுப்பியிருக்காங்க அண்ணாச்சி. யாரு, சொந்தமா?" என்றார்.

"என் மக" என்றார் அருமைநாயகம்.

மாதம் ஒரு பார்சலும் இரண்டு கடிதமும் வந்தன. எல்லாம் நாயைப் பற்றித்தான். எடை எவ்வளவு, மலம் இறுகலாக இருக்கிறதா, ஓடியாடுகிறானா. அவரும் அளந்து அளந்து எழுதினார். ஜூன் மாதக் கடிதத்தில், "நீங்கள் பிரஷர் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று ஒரு வரி இருந்தது. ஜூலையில், "எனக்கு ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். மூன்று வயது. சிப்பாயைப் பற்றிக் கதை சொன்னால்தான் சாப்பிடுகிறாள்" என்று எழுதியிருந்தாள். தனக்குப் பேத்தி இருப்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை காலையில் சிப்பாய் எழுந்திருக்கவில்லை. முந்தின நாள் கூட முழுத் தீனியும் தின்றிருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "வயசாயிட்டுல்லா அண்ணாச்சி. நீங்க தீனிய மாத்தினதாலதான் இத்தனை மாசம் வலி இல்லாம இருந்தான்" என்றார். வீட்டுக்குப் பின்னால் முருங்கைக்கு அடியில் புதைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு, அருமைநாயகம் ஆபீசுக்குப் போனார். அங்கே அவர் மேஜைமேல் பம்பாய்க் கடிதம் கிடந்தது. பிரித்தார்.

"அன்புள்ள அப்பாவுக்கு" என்று ஆரம்பித்திருந்தது.

ஆறு வருஷத்துக்கு அப்புறம் அந்த வார்த்தையைப் பார்க்கிறார். அன்று சாயங்காலம் பதில் எழுத உட்கார்ந்தார். நாய் செத்துவிட்டது என்று எழுதினால் அப்புறம் எதைப் பற்றி எழுதுவாள்? பார்சல் எதற்கு அனுப்புவாள்? தாய் விஷயத்தை இந்தக் கடிதங்களில் அவள் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. நடுவில் அந்த நாய் ஒன்றுதான் நின்றுகொண்டிருந்தது. வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினார். "சிப்பாய் நன்றாகச் சாப்பிடுகிறான்."

அதற்குப் பிறகு பொய்க்குமேல் பொய். எடை அரைக் கிலோ கூடியிருக்கிறது. பூனையை விரட்டினான். மழையில் நனைந்து தும்மினான், இப்போது சரியாகிவிட்டது. வந்த பார்சல்களை ஆபீசிலிருந்து தூக்கி வந்து, பிரிக்காமல் அறை மூலையில் அடுக்கினார். பதிலுக்கு மகளின் கடிதங்கள் நீளமாகிக்கொண்டே போயின. வீட்டு ஜன்னலில் கடல் தெரியும் என்று எழுதினாள். பாதுஷா உங்களைக் கேட்டார் என்று எழுதினாள். டிசம்பர் தொடக்கத்தில், "கிறிஸ்துமசுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவள் சிப்பாயைப் பார்க்க வேண்டுமாம். எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும்" என்று வந்தது.

அருமைநாயகம் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறிச் சிப்பிப்பாறைக்குப் போனார். அதே நிறத்தில் ஒரு நாயைக் காட்டினார்கள். நெற்றியும் அதே மாதிரி. அது அவர் கையை மோந்து பார்த்துவிட்டு விலகிப் போய் நின்றது. அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டார். அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் தந்திக் கருவிக்கு முன்னால் உட்கார்ந்து, நாய் செத்த செய்தியைப் பம்பாய்க்கு அடித்துவிட வேண்டும் என்று கையை வைத்தார். மார்த்தாள் கிடந்த நாட்களிலும் இப்படித்தான் கையை வைத்து வைத்து எடுத்தார். அன்றைக்குக் கோபம் தடுத்தது. இன்றைக்குப் பயம்.

பாக்கியம் வந்தாள். வாசலில் ஆட்டோ நின்றதுமே பிள்ளை குதித்து இறங்கி, "சிப்பாய்! சிப்பாய்!" என்று கூப்பிட்டுக்கொண்டு உள்ளே ஓடியது. பாக்கியம் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். மெலிந்திருந்தாள். சிரிப்பு அப்படியே மார்த்தாளுடையது.

"அம்மா, நாயைக் காணும். நெறைய மூட்டை இருக்கு" என்று பிள்ளை உள்ளேயிருந்து சொன்னது.

பாக்கியம் போய் அறை மூலையைப் பார்த்தாள். துணிகூடப் பிரிக்காத நான்கு பார்சல்கள். தான் தைத்த தையல், தான் வைத்த அரக்கு. குனிந்து ஒன்றைத் தொட்டாள். நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது.

"எப்ப?"

"செப்டம்பர்ல."

"செப்டம்பரா? போன வாரம் பூனைய விரட்டினான்னு எழுதினீங்க!"

"எழுதினேன் மக்கா."

"அம்மா செத்ததையும் சொல்லல. இதையும் சொல்லல." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "உங்களுக்கு என்னைய பாத்தா எப்படித்தான் தெரியுது? செத்தவங்களுக்கு அழக்கூட எனக்குப் பாத்தியதை இல்லையா?"

"ஏட்டி, அது வீம்புல செஞ்சது. அதுக்கு எனக்கு மன்னிப்பே கிடையாது. ஆனா இது… நாய் போயிட்டுன்னு எழுதினா நீ எழுதுதத நிறுத்திருவியோன்னு…"

"நாய்க்கா இவ்வளவு நாளா எழுதினேன்?" என்றாள் அவள். "வயிறு எப்படி இருக்கு, தூங்குதானான்னு அவனைக் கேட்டேன்னா நெனச்சீங்க?"

பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தது.

ஒரு வாரம் இருப்பதாக வந்தவள் மூன்றாம் நாளே கிளம்பினாள். இருந்த நாட்களில் அவருக்குச் சோறு ஆக்கிப் போட்டாள். மாத்திரையை எடுத்து வைத்தாள். கல்லறைத் தோட்டத்துக்குத் தனியாகப் போய் வந்தாள். அவரைக் கூப்பிடவில்லை. அவரும் பின்னால் போகவில்லை.

ரயிலுக்கு அவர்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். வண்டி வந்து, பிள்ளையை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, பாக்கியம் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே அவர்.

"அம்மா கடைசியா என்ன சாப்பிட்டா?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல அவர் வாய் ஒருதரம் திறந்தது. மூடிக்கொண்டார்.

"நாலு நாளா ஒண்ணும் எறங்கல. கடைசி அன்னைக்கு ரெண்டு கரண்டி கஞ்சித்தண்ணி. பாக்கியம் வந்துட்டாளான்னு கேட்டா. தந்தி குடுத்துட்டேன், வந்துக்கிட்டிருக்கான்னு சொன்னேன். சரின்னு கண்ண மூடிட்டா."

பாக்கியம் முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். வண்டி நகர்ந்தது. எழுது என்று அவர் சொல்லவில்லை. எழுதுகிறேன் என்று அவளும் சொல்லவில்லை.

பார்சல்களை டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். ஜனவரி முழுவதும் தபால் பைகள் பிரிபடும் நேரத்தில் ஏதாவது வேலை இருப்பது போல அங்கே போய் நின்றார். ஒன்றும் வரவில்லை. பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை அவரே எழுத உட்கார்ந்தார். மார்த்தாள் படுத்த முதல் நாளை எழுதினார். காலையில் கண் மஞ்சளாக இருந்தது, நான் கவனிக்கவில்லை, மகள் இருந்தால் கவனித்திருப்பாள் என்று மார்த்தாளே சொன்னாள் என்று எழுதினார். ஒன்றும் மறைக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் நாள். இப்படி அவள் கண்ணை மூடிய நாள் வரைக்கும் ஒன்பது கடிதம். எல்லாவற்றையும் ஒப்புகை அட்டை வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.

ஒன்பதுக்கும் அட்டை திரும்பி வந்தது. கடிதம் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்து இருந்தது. ஒரு அட்டையிலும் வேறொரு வார்த்தை இல்லை. அருமைநாயகம் அந்தக் கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். எழுத்து நடுங்காமல் இருக்கிறது, உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார்.